கோமளத்தம்மாளுக்கு ஒரு டம்ளர்

மாட்டுங்கா,
ஜூலை 5, விடியற்காலை

அன்புள்ள ரகு,

பொட்டலத்தைத் திறந்ததும் இந்தக் கடிதம் கையில் கிடைத்துவிடக் கூடாது என்று பருப்புப் பொடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். நீ எப்படியும் பருப்புப் பொடியைத்தான் முதலில் எடுப்பாய், ஆகவே அந்த யோசனையும் வீண்தான். கொண்டுவருபவள் மூன்றாம் மாடி மாமியின் பேத்தி. மான்செஸ்டரில் வேலை, ஒரு மாத லீவில் வந்தவள் திங்கட்கிழமை கிளம்புகிறாள். தானே நேரில் வந்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவளை வாசலில் நிற்கவைத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதே. உள்ளே கூப்பிட்டு ஒரு வாய் காபி கொடு.

போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நானும் சொல்லவந்ததை விட்டுவிட்டு மழையைப் பற்றிச் சொல்வேன். அப்பா வேறு பக்கத்தில் உட்கார்ந்து "என்ன சொல்றான், என்ன சொல்றான்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். காதில் மாட்டும் மெஷினை வாங்கி ஆறு மாதம் ஆகிறது. அலமாரியில் பெட்டியோடு இருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு கேள்வி கேட்டாய். உன் டீமில் புதிதாகச் சேர்ந்தவர்களை உட்காரவைத்து ஒரு விளையாட்டு மாதிரி கேட்டீர்களாம்: உயிரோடு இருக்கிறவரோ இறந்துபோனவரோ, யாராவது ஒருவரோடு காபி குடித்துக்கொண்டே பேசலாம் என்றால் யாரைக் கூப்பிடுவாய்? நீ கணக்கு மேதை ராமானுஜன் என்றாயாம். "நீ யாரைக் கூப்பிடுவேம்மா?" என்று என்னைக் கேட்டாய். "அடுப்பில் பால்" என்று சொல்லி போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனேன்.

அடுப்பில் பால் இல்லை.

உன் டீம் என்று எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. உனக்கு புரமோஷன் வந்த விஷயம் தாமு மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் ஏதோ கம்ப்யூட்டரில் பார்த்தாராம். "என்ன, பையன் பெரிய ஆளாயிட்டானே, ஒரு ஸ்வீட் கூட கிடையாதா" என்றார். எனக்கு முன்பே தெரியும் என்பது போலச் சிரித்துவைத்தேன். அன்றைக்கே ஆஸ்திக சமாஜத்துக்குப் போய் அர்ச்சனை பண்ணினேன், உன் பேருக்கும் மருமகள் நந்தினி பேருக்கும். சந்தோஷத்தைக்கூடச் சொல்லாத பிள்ளை வேறு எதைத்தான் சொல்லப்போகிறான் என்று திரும்பிவரும் வழி முழுக்க யோசனை. மார்க்கெட்டில் வாழைப்பூ வாங்க மறந்துவிட்டேன்.

உன் கேள்வியை நான் எல்லாரிடமும் கேட்டுவிட்டேன். அப்பா, "எனக்கு ஆள் வேண்டாம், காபி மட்டும் கொடு" என்றார். அரை மணி நேரம் கழித்துப் பேப்பரை மடித்துவைத்துவிட்டு, "சுப்பிரமணியம் வந்தால் நன்றாயிருக்கும்" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் மாடி மாமிக்கு ஒரு நொடி யோசனைகூட இல்லை: எம்.எஸ். 1966-ல் ஐக்கிய நாடுகள் சபையில் அவர் பாடியதை நேற்று நடந்தது மாதிரி சொல்கிறாள். "ஆனா என்ன பேசறது? அவர் எதிரே உட்கார்ந்தா எனக்கு வாயே வராது. காபி ஆறிப்போகும், அவ்வளவுதான்." சண்முகானந்தா ஹால் 1990-ல் தீப்பிடித்து எட்டு வருஷம் மூடிக் கிடந்ததே, அப்போது மாமி யாரோ நெருங்கியவர் போய்விட்டது போல இருந்தாள். நீ பிறந்த வருஷம் அது. உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தவள் தொட்டிலைப் பார்க்காமல் ஹாலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

எனக்கு முதலில் தோன்றியது என் அம்மாதான். ஆனால் அவள் வந்தால் உட்காரமாட்டாள். நேராகச் சமையலறைக்குப் போய் பில்டர் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "சிக்கரி ஜாஸ்தி" என்பாள். கும்பகோணத்துக்காரி. அவளுக்குக் காபி என்றால் பால்தான், பாலுக்குத்தான் டிகிரி, பொடிக்கு இல்லை என்பாள். இப்போது ஹைவே முழுக்க கும்பகோணம் டிகிரி காபி என்று போர்டு வைத்து, செம்பு டபராவில் ஊற்றித் தருகிறார்களே, அதைப் பார்த்தால் அங்கேயே ஒரு சண்டை. அம்மாவோடு பேச எனக்கு விஷயம் பாக்கி இல்லை. எல்லாவற்றையும் கத்தித் தீர்த்துவிட்டோம், அதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

சரி, உன் ராமானுஜனுக்கு வருகிறேன். உன் அலமாரியில் இருக்கிற தடிப் புத்தகத்தை எடுத்து இந்த மூன்று வாரத்தில் படித்துவிட்டேன். உன் பென்சில் கோடுகள் எல்லாம் கணக்கு வருகிற இடங்களில். எனக்கு அதெல்லாம் புரியாது. நான் நின்ற இடங்கள் வேறு.

முதலில் ஒன்று சொல், செத்துப்போனவர்கள் எந்த வயதில் வருவார்கள்? போன வயதிலேயே என்றால் ராமானுஜனுக்கு முப்பத்திரண்டு. உன்னைவிடச் சின்னவன். சின்னப் பையன் ஒருத்தன் இளைத்துப்போய் உன் எதிரே வந்து உட்காருவான். அவனிடம் நீ கணக்கா கேட்பாய்? சாப்பிட்டாயா என்றுதான் கேட்கத் தோன்றும். கேட்டாலும் பேசுவான் என்று நினைக்காதே. கேம்பிரிட்ஜில் ஒரு தடவை நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிட்டு, தானே ரசம் வைத்துப் பரிமாறியிருக்கிறான். இரண்டு தடவை வாங்கிக்கொண்டவர்கள் மூன்றாம் தடவை போதும் என்றிருக்கிறார்கள். அவ்வளவுதான். எழுந்து வெளியே போனவன் திரும்பவில்லை. நாலு நாள் ஆக்ஸ்போர்டில் போய் இருந்துவிட்டு வந்தானாம். மனசில் பட்டதை அந்த இடத்தில் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போகிற பிள்ளைகள் அப்போதும் இருந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. குளிரில் நடுங்கிக்கொண்டு கோட்டையும் சால்வையையும் போர்த்தித் தூங்கியிருக்கிறான். பார்க்க வந்த நண்பர் மகலனோபிஸ் போய்ப் படுக்கையைப் பார்த்தால் கம்பளிகள் எல்லாம் மெத்தைக்கு அடியில் ஒழுங்காகச் செருகியபடியே இருக்கின்றன. அதற்குள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. உலகத்துக்கே கணக்குச் சொன்னவன்! அந்தப் பக்கத்தில் நீ ஒரு கோடும் போடவில்லை.

தனியாகச் சாப்பிடாதே, ரகு. ஆபீஸில் யாரோடாவது சேர்ந்து சாப்பிடு. ராத்திரி நேரம் கழித்து ரயிலில் வராதே. 1918-ல் லண்டனில் ஒரு ஸ்டேஷனில் அந்தப் பிள்ளை செய்யப்போன காரியத்தையும் அதில் எழுதியிருக்கிறது, உனக்குத் தெரிந்திருக்கும். அதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். இரண்டு நாள் எடுக்கவில்லை. நீ அப்படி இல்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் போன் வந்தால் எடு. யார் பண்ணினாலும் எடுத்துப் பேசு.

இங்கே மழை பிடித்துவிட்டது. கிங்ஸ் சர்க்கிளில் வழக்கம்போலத் தண்ணீர். சொசைட்டியில் கட்டடத்தை இடித்துக் கட்டுவது பற்றி மீட்டிங் நடந்தது, பெரிய ரகளை, அது தனிக் கதை, அப்புறம் எழுதுகிறேன். உன் சமையலறை இப்போதெல்லாம் ரொம்ப ஒழுங்காக இருக்கிறது. வீடியோவில் பார்க்கிறேன். நான் வாங்கிக் கொடுத்த இரண்டு டபரா செட்டில் ஒன்றுதான் பாத்திரம் வடிகிற தட்டில் இருக்கிறது, பதினோரு ஞாயிற்றுக்கிழமையாக ஒன்றுதான். கதவுக்குப் பின்னால் ஆணியில் அரக்கு நிறக் கோட்டு ஒன்று தொங்கும். இப்போது ஆணி தெரிகிறது.

நந்தினி குளிக்கிறாள் என்றாய். அடுத்த வாரம் கடைக்குப் போயிருக்கிறாள் என்றாய். அதற்கடுத்த வாரம் தலைவலி, தூங்குகிறாள். அப்புறம் நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன், நீயும் காரணம் சொல்வதை நிறுத்திவிட்டாய். கேட்காத அம்மாவைப் பற்றி உனக்குச் சந்தேகமே வரவில்லையா? எதையும் துருவித் துருவிக் கேட்கிறவள் இவள், இதை மட்டும் ஏன் விட்டுவிட்டாள் என்று?

ராமானுஜனைக் கூப்பிட்டால் பேசமாட்டான். அதனால் அவன் பெண்டாட்டி ஜானகியைக் கூப்பிடலாம் என்று ஒரு வாரம் நினைத்திருந்தேன். ஜானகி நம் ஊரில் இருந்தவள், தெரியுமா உனக்கு? அவன் 1920-ல் போனபிறகு அண்ணன் தம்பி ஆதரவில் இங்கே பம்பாயில் சில வருஷம் இருந்து தையல் கற்றுக்கொண்டாள். 1931-ல் மெட்ராஸ் திரும்பி, திருவல்லிக்கேணியில் தைத்துத் தைத்தே காலம் தள்ளினாள். யுனிவர்சிட்டி கொடுத்த பென்ஷன் மாதம் 20 ரூபாய். 1994 வரை இருந்தாள் என்றால் பார்த்துக்கொள், நீ நாலு வயதுப் பையன், நாம் கோடை லீவுக்கு மெட்ராஸ் போய்ப் பார்த்தசாரதி கோவில் தெப்பக்குளத்தைச் சுற்றிக்கொண்டிருந்த வருஷங்களில் அவளும் அந்தப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள். அவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று வயதான காலத்தில் கேட்டாளாம். கடைசியில் எங்கெங்கோ இருக்கிற கணக்குக்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு மார்பளவுச் சிலை ஒன்று செய்து கொடுத்தார்கள்.

அவளிடம் எனக்குக் கேட்க நிறைய இருக்கிறது. ஆனால் அவள் எதிரே உட்கார எனக்கு யோக்யதை இல்லை. நான் உட்கார வேண்டியது கோமளத்தம்மாளோடு.

ராமானுஜனுடைய அம்மா. சாரங்கபாணி சன்னதித் தெருவில் அந்த வீட்டைப் பாட்டியோடு போனபோது உனக்குக் காட்டியிருக்கிறேன், நீ ஐஸ் வேண்டும் என்று அழுதாய். கோவிலில் பஜனை பாடிக் கொஞ்சம், வீட்டில் படிக்கிற பையன்களுக்குச் சாப்பாடு போட்டுக் கொஞ்சம் என்று குடும்பத்தைத் தள்ளினவள். திண்ணையில் பிள்ளையோடு உட்கார்ந்து ஆடுபுலி ஆடுவாளாம். கடல் தாண்டக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தவள், நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னாள் என்று தானே விட்டுக்கொடுத்தாள். 1914 மார்ச்சில் அவன் கப்பல் ஏறினான். குடுமியை எடுத்ததை அம்மா பார்க்கக் கூடாது என்று அவளை முன்பே ஊருக்கு ரயிலேற்றிவிட்டானாம். ஜானகியைக் கூட அனுப்பவில்லை. பதினைந்து வயதுப் பெண், மாமியாரோடு வீட்டில்.

அப்புறம் கடிதங்கள். ஜானகி எழுதினால் அவனுக்குப் போகாது. அவன் அவளுக்கு எழுதினால் அவள் கைக்கு வராது. நடுவில் கோமளத்தம்மாள் பிரித்து வைத்துக்கொள்வாள். இவள் ஏன் எழுதவில்லை என்று அவன் அங்கே. அவர் ஏன் எழுதவில்லை என்று இவள் இங்கே. ஒரு கட்டத்தில் ஜானகி பிறந்த வீட்டுப் பக்கம் போனவள் திரும்பவில்லை. 1919 மார்ச் 27-ஆம் தேதி அவன் பம்பாயில் வந்து இறங்கினான். அம்மாவும் தம்பியும் வந்து நிற்கிறார்கள். அவன் அம்மாவிடம் கேட்டது, "ஜானகி எங்கே?" அவளைப் பற்றி இப்போது என்ன என்று அம்மா எரிந்து விழுந்தாளாம்.

பாலார்ட் எஸ்டேட் ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் டைப் அடித்தேன். என் நாற்காலிக்குப் பின்னால் இருந்த ஜன்னலைத் திறந்தால் கிரேன்களும் கப்பலின் புகைபோக்கியும் தெரியும். அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு எத்தனை ஆயிரம் டிபன் டப்பா திறந்திருப்பேன். இந்தத் துறைமுகத்தில்தான் ஒரு அம்மா நின்று, பிள்ளை கேட்ட ஒரே கேள்விக்கு அந்தப் பதிலைச் சொன்னாள் என்று எனக்கு அப்போது தெரியாது. எலும்பும் தோலுமாக இறங்கியிருக்கிறான், அவனைப் பார்த்தபிறகும் அவளுக்கு அந்த வார்த்தைதான் வந்திருக்கிறது. படிக்கிறவர்கள் எல்லாரும் அவளைத் திட்டுவார்கள். நானும் பத்துப் பக்கம் திட்டிக்கொண்டுதான் படித்தேன்.

ஒரு டம்ளர் காபியை ஆற்றி அவள் முன்னால் வைத்துவிட்டு நான் ஏன் என்று கேட்கமாட்டேன். முதல் கடிதத்தைப் பிரித்த அன்று என்ன நடந்தது என்று கேட்பேன். படித்துவிட்டு எங்கே வைத்தாய்? அரிசி டப்பாவிலா? நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்றுதானே நினைத்தாய்? எத்தனையாவது நாளில் அது கொடுக்க முடியாத கடிதமாக ஆயிற்று?

ஏப்ரல் 11-ஆம் தேதி ராத்திரி நந்தினி எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்.

அதற்கு முன்னால் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். நான் பார்த்துக்கொண்டே எடுக்காமல் விட்டேன். மெசேஜ் நாலு நிமிஷம் பத்து விநாடி. பாதி அழுகை. அக்கா வீட்டுக்கு, பர்மிங்காமுக்கு வந்துவிட்டதாகச் சொன்னாள். "யார் மேல தப்புன்னு சொல்ல வரலைம்மா. என் போனை எடுக்கவே மாட்டேங்கிறான். 18-ஆம் தேதி வரைக்கும் இங்கேதான் இருப்பேன். வந்து கூப்பிட்டா நான் கிளம்பிடுவேன். அவன்கிட்ட இதை மட்டும் சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேட்பான்."

நீங்க சொன்னா கேட்பான். அதைக் கேட்டதும் எனக்கு என்ன வந்தது தெரியுமா? இரக்கம் வரவில்லை. இப்போதாவது தெரிந்ததே என்று இருந்தது. இரண்டு வருஷம் முன்னால் நாங்கள் அங்கே வந்திருந்தபோது, சிக்கரி போட்ட காபி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, எனக்குத் தனியாகப் போட்டுக்கொள்கிறேன் என்று அவள் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நான்தான் அதைத் தாமு மாமா வீட்டிலும் மாடியிலும் சொல்லிச் சிரித்தேன், காபி குடிக்கத் தெரியாத பெண் என்று. பித்தளை பில்டரை அவள் மேல் தட்டில் எடுத்து வைத்ததை ஒரு குற்றமாக ஊருக்குக் கொண்டுவந்தேன். இதெல்லாம் ஒரு காரணமா? ஆனால் அன்று ராத்திரி இதுதான் ஞாபகம் வந்தது.

இரண்டு நாள் ஆறட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். 13-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். "நந்தினி ஏதாவது போன் பண்ணினாளா?" என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாய். உன் குரல் எனக்குத் தெரியாதா? "இல்லையே, ஏன்?" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது. நீ "சும்மாதான், குளிக்கிறாள்" என்றாய். நாம் இரண்டு பேரும் ஒரே நிமிஷத்தில் பொய் சொன்னோம். உன்னுடையது என்னைக் காப்பாற்ற. என்னுடையது?

18-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. காலையில் இருந்து அடுப்பு வேலையே ஓடவில்லை. போனை எடுத்து எடுத்து வைத்தேன். சாயங்காலம் டிகாக்‌ஷன் இறங்குகிறதா என்று பில்டரைத் தட்டிக்கொண்டே நின்றேன், இறங்கவே இல்லை, பொடியை அமுக்கிவிட்டேன் போல. ராத்திரி பன்னிரண்டு அடித்தது. அங்கே இன்னும் ஏழரைதான், இன்னும் நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டது ஞாபகம் இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இத்தனை தாள். முன்பெல்லாம் நீ மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவாய், பத்து நிமிஷம். ஏப்ரலுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். மோர்க்குழம்புக்கு என்ன அரைக்க வேண்டும் என்று கேட்டாய். சின்ன வயசில் நாம் கரண்ட் போனால் தரையில் சாக்பீஸில் கட்டம் போட்டு ஆடுபுலி ஆடியதைச் சொன்னாய். ஏன் கூப்பிடுகிறாய் என்று எனக்குத் தெரியும். வீட்டில் யாரும் இல்லாததால் கூப்பிடுகிறாய். தெரிந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பிடித்திருந்தன, ரகு. சனிக்கிழமையே தலைக்குக் குளித்து நல்ல புடவை எடுத்துவைப்பேன். நீ அழைத்த நேரங்களில் எல்லாம் உன் கண்ணுக்குக் கீழே கறுத்துக்கொண்டே வந்ததைப் பார்த்துக்கொண்டே, பிடித்திருந்தது.

2005-ல் ஜூலை 26 மழை ஞாபகம் இருக்கிறதா? சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் என்று மறுநாள் பேப்பரில் போட்டார்கள். நான் ஆபீஸில் மாட்டிக்கொண்டேன். ரயில் இல்லை, செல்போன் இல்லை. நீ குர்லாவில் டியூஷனுக்குப் போனவன். பதினைந்து வயது. ராத்திரி முழுக்க மேஜைமேல் உட்கார்ந்து ஒரு ஆள் பாக்கியில்லாமல் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். விடிகாலை மூன்றரைக்கு என் டேபிளில் இருந்த போன் அடித்தது. மூன்றாம் மாடி மாமி. "ரகு வந்துட்டான். நடந்தே வந்திருக்கான். வெந்நீர் வெச்சுக் குளிக்கவெச்சு மோர்சாதம் போட்டாச்சு." அவ்வளவுதான். லைன் கட்டாகிவிட்டது. பத்து மணியிலிருந்து அவள் அந்த நம்பரைச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள், ஆறு மணி நேரம் போல, விரல் வலிக்க. ஒரு வரிச் சேதியைச் சேர்க்க.

என்னிடம் ஒரு வரிச் சேதிதான் கொடுத்தாள் நந்தினி. உட்கார்ந்த இடத்தில் ஒரு பட்டனை அமுக்கினால் போயிருக்கும்.

இவ்வளவு எழுதிவிட்டு நடுவில் எழுந்து போய் அவள் மெசேஜை உனக்கு அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இங்கே மணி நாலு, உனக்கு பதினொன்றரை. நீ இதைப் படிக்கும்போது அதைக் கேட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும். கேட்டதும் என்னைக் கூப்பிட்டுத் திட்டியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை, கிழித்துப்போடு. ஒன்றும் சொல்லாமல் இருந்தாயானால், உன்னை எனக்குத் தெரியும், எத்தனை நாள் ஆனாலும் ஒன்றும் சொல்லமாட்டாய். அப்படியானால் இதைப் படித்துவிட்டாவது திட்டு. அவளுக்கும் எழுதப்போகிறேன், தனியாக. அவள் எனக்குப் பதில் போடவேண்டும் என்று நீ எதுவும் சொல்லாதே.

அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அக்கா வீட்டு விலாசம் உன்னிடம் இருக்கும். ரயிலில் போகிறாய் என்றால் பகல் ரயிலில் போ. சாப்பிட்டுவிட்டுப் போ. போய் நின்றதும் அம்மா சொன்னாள் என்று ஆரம்பிக்காதே, என் பேச்சையே எடுக்காதே. அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. அவருக்கு இன்றைக்குக் காலையில் காபி கொடுத்துவிட்டு நானே சொல்கிறேன், மெஷினைக் காதில் மாட்டச் சொல்லி.

பருப்புப் பொடியில் இந்தத் தடவை மிளகாய் தூக்கல், நெய் விட்டுக்கொள். காபிப் பொடி இரண்டு பாக்கெட் இருக்கிறது, ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் நின்று அரைத்து வாங்கினேன். பச்சை ரப்பர் பாண்ட் போட்டது உனக்கு, வழக்கம்போல எண்பது இருபது. சிவப்பு போட்டதில் சிக்கரி கிடையாது, முழுக்க பீபரி. அது உனக்கு இல்லை, அதைப் பிரிக்காதே.

அம்மா